காலியாக இருந்த ஒரு படுக்கை

திருடிய பொருளின் மதிப்பு ஆறு பவுண்டு. முகம் மழிக்கும் பிளேடுகள். கூடவே, தெருவில் நின்ற ஒரு வண்டியில் கைவைத்த குற்றமும் சேர்ந்துகொண்டது. கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியைச் சேர்ந்த 19 வயது ஜாஹித் முபாரக்குக்கு இதற்காக 90 நாள் தண்டனை கிடைத்தது. பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளை. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில், ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஃபெல்தம் இளங்குற்றவாளிகள் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

மார்ச் 21-ஆம் தேதி காலையில் விடுதலை. அன்று விடியற்காலை மூன்றரை மணி வாக்கில், வெளியே வர இன்னும் ஐந்து மணி நேரமே இருந்தபோது, படுத்திருந்த ஜாஹித்தின் தலையில் அதே அறையில் இருந்த ராபர்ட் ஸ்டூவர்ட் கட்டையால் திரும்பத் திரும்ப அடித்தான். அந்தக் கட்டை வெளியிலிருந்து கடத்தி வந்ததல்ல. அறையில் சிறை நிர்வாகமே போட்டிருந்த மர மேசையின் கால். அடித்து முடித்தபின் அவசர மணியை அழுத்தியதும் அவன்தான். காவலர் ஓடி வந்து பார்த்தபோது மேசைக்காலோடு நின்றுகொண்டிருந்தான். வேறோர் அறைக்கு மாற்றப்பட்ட பிறகு, அங்கிருந்த சுவரில் ஸ்வஸ்திகா சின்னத்தை வரைந்து, அறைத் தோழனைக் கொன்றதாகவும் கிறுக்கி வைத்தான். ஒரு வாரம் கழித்து, மார்ச் 28 அன்று, மருத்துவமனையில் ஜாஹித் இறந்தார்.

கொன்றது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கிங்ஸ்டன் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ஸ்டூவர்ட்டுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. எட்டு மாதத்துக்குள் கொலை வழக்கு முடிந்துவிட்டது.

ஆனால் ஜாஹித்தின் குடும்பம் கேட்ட கேள்வி வேறு. இப்படிப்பட்ட ஒருவனோடு எங்கள் பிள்ளையை ஒரே அறையில் போட்டது யார்? ஏன் போட்டார்கள்? இதற்குப் பதில் கிடைக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அரசு தானாக முன்வந்து சொன்ன பதிலும் அல்ல அது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை படியேறி வாங்கிய பதில். காவலில் ஒருவர் இறந்தால் எப்படி விசாரிக்க வேண்டும், யார் விசாரிக்கக் கூடாது என்பதற்குப் பிரிட்டனில் இன்றும் இந்த வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

எல்லாம் தெரிந்தே இருந்தது

ஸ்டூவர்ட்டுக்கும் வயது 19-தான். மான்செஸ்டர் பக்கத்துக்காரன். பதின்வயதிலேயே சிறைக்குள் போகவும் வரவுமாக இருந்தவன். நெற்றியில் ஒரு சிலுவையும், கல்லறைக் கல்லில் பொறிப்பார்களே, அந்த ‘ஆர்.ஐ.பி.’ எழுத்துகளும் பச்சை குத்தியிருந்தான். அவனோடு பேச வேண்டிய அவசியமே இல்லை. முகத்தைப் பார்த்தாலே யாருக்கும் ஒரு கேள்வி எழும்.

1998-இல் ஸ்டோக் ஹீத் என்ற இளையோர் சிறையில் ஒரு கைதி குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் ஸ்டூவர்ட்டின் நெருங்கிய கூட்டாளி. அந்தச் சம்பவத்தில் ஸ்டூவர்ட்டின் பெயரும் அடிபட்டது. 1999 நவம்பரில் லிவர்பூலில் உள்ள ஆல்ட்கோர்ஸ் சிறையில் அவனைப் பார்த்த மனநல செவிலியர் ஒருவர், நெடுநாளாக வேரூன்றிய ஆளுமைக் கோளாறு இவனுக்கு இருக்கிறது என்று குறிப்பு எழுதினார். சிகிச்சைக்குப் பரிந்துரை எதுவும் இல்லை. குறிப்பு கோப்பில் தங்கிவிட்டது.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. ஃபெல்தமுக்கு அவன் வந்ததே இனவெறி மிரட்டல் வழக்கில்தான். வக்கிரமான கடிதங்கள் எழுதி ஒரு பெண்ணைத் துன்புறுத்தியதாகக் குற்றச்சாட்டு. வழக்கே கடிதங்களைப் பற்றியது என்பதால் சிறையிலிருந்து அவன் எழுதும் கடிதங்களைத் தொடர்ந்து கண்காணித்திருக்க வேண்டும். இனவெறி கொட்டிய ஒரு கடிதம் ஃபெல்தம் ஊழியர்கள் கண்ணில் பட்டு நிறுத்தவும் பட்டது. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்தவர்களுக்கும் கைதிகளுக்கு அறை ஒதுக்குபவர்களுக்கும் இடையே எந்தப் பேச்சும் நடக்கவில்லை.

பிப்ரவரியில் அவன் எழுதிய இன்னொரு கடிதம் கொலைக்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பிணை கிடைக்காவிட்டால் இங்கிருந்து வேறு சிறைக்கு மாற்றிக்கொண்டு போக எதையும் செய்வேன், தேவைப்பட்டால் அறைத் தோழனையே கொல்வேன் என்று அதில் இருந்தது. படுக்கை விரிப்பை வெள்ளையாக வெளுத்து, அமெரிக்க இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானின் உடுப்பாக்கிக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தான்.

2000 பிப்ரவரி 8-ஆம் தேதி அவனை ஃபெல்தமின் ‘ஸ்வாலோ’ பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சிறையில் பிரிவுகளுக்கெல்லாம் பறவைகளின் பெயர். ஸ்வாலோ என்றால் தகைவிலான் குருவி. அங்கே 38-ஆம் எண் அறையில் ஒரு படுக்கை காலியாக இருந்தது. இன்னொரு படுக்கையில் ஜாஹித் இருந்தார். அவ்வளவுதான் கணக்கு. இருவரும் ஆறு வாரம் ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

ஒரு மேசைக்காலும் பல கோப்புகளும்

சிறைக்குள் தகவல் எப்படிப் பயணிக்கிறது என்பதைப் பார்த்தால் இந்த மரணத்தின் பாதிக் கதை புரிந்துவிடும். ஒரு கைதிக்கு ஒரு கோப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடைமுறையில் பல கோப்புகள். பாதுகாப்புப் பிரிவில் ஒன்று, மருத்துவப் பிரிவில் ஒன்று, அவர் தங்கியிருக்கும் பிரிவில் ஒன்று. கைதி நீதிமன்றத்துக்குப் போகிறார், வேறு ஊர்ச் சிறைக்கு மாறுகிறார், திரும்பி வருகிறார். ஆள் வந்து சேரும் வேகத்தில் கோப்பு வந்து சேர்வதில்லை. வந்தாலும் அதைப் பிரித்துப் படிக்க ஒருவருக்கு நேரம் ஒதுக்கியிருப்பதில்லை. அடுத்த வேன் வாசலில் நிற்கிறது. எந்த அறையில் இடம் இருக்கிறது என்பதுதான் அப்போதைய அவசரம்.

ஹிண்ட்லி, ஆல்ட்கோர்ஸ், ஃபெல்தம் என்று சிறை மாறி மாறி இருந்தவன் ஸ்டூவர்ட். அவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தந்த இடத்தில் துண்டு துண்டாக நின்றுவிட்டது. மருத்துவப் பிரிவுக்குத் தெரிந்தது பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரியாது. பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிந்தது ஸ்வாலோ பிரிவுக்குப் போகவில்லை. எல்லாத் துண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்தது அந்த மேசைக்கால். அறைகளில் தளவாடங்கள் உடைந்திருக்கின்றனவா, சன்னல் கம்பி சரியாக இருக்கிறதா என்று அன்றாடம் பார்ப்பது சிறைக்காவலரின் வழக்கமான வேலை. கால் தளர்ந்த மேசை ஆயுதக் கிடங்குக்குச் சமம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் பிடுங்கி எடுக்கக்கூடிய நிலையில் அந்தக் கால் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். செய்ததாகப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னொரு காரணம்.

ஃபெல்தமின் நிலைமை நன்றாகவே தெரிந்த ஒன்றுதான். சிறைகளின் தலைமை ஆய்வாளராக இருந்த சர் டேவிட் ராம்ஸ்பாதம், ஜாஹித் உள்ளே போவதற்கு முந்தைய ஆண்டே ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். நாகரிகமான எந்த நாட்டிலும் ஏற்றுக்கொள்ள முடியாத நிலை என்று அதில் கடுமையாகச் சாடியிருந்தார். இளைஞர்கள் நாளின் பெரும்பகுதியை அறைக்குள் பூட்டப்பட்டே கழித்தார்கள். இதெல்லாம் அச்சிட்டு, நாடாளுமன்றத்தில் பேசி, பத்திரிகைகளிலும் வந்த செய்திகள்.

எதை இனவெறி என்பது?

இந்த வழக்கில் இனவெறி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று ஸ்டூவர்ட்டின் மண்டைக்குள். அது கண்ணுக்குத் தெரிவது, நீதிமன்றத்தில் நிரூபிக்கக்கூடியது. மற்றொன்று நிறுவனத்துக்குள். அதைப் பிடிப்பதுதான் கடினம்.

1993-இல் தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்குக் காத்திருந்த கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் வெள்ளையினக் கும்பல் ஒன்றால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை லண்டன் காவல்துறை விசாரித்த லட்சணத்தை ஆராய்ந்த சர் வில்லியம் மேக்ஃபெர்சன், 1999 பிப்ரவரியில் அறிக்கை தந்தார். நிறுவன ரீதியான இனவெறி என்ற கருத்தைப் பிரிட்டனின் அன்றாடப் பேச்சுக்குக் கொண்டுவந்தது அந்த அறிக்கைதான். ஊழியர் ஒவ்வொருவரும் வெறுப்போடு நடந்தால்தான் இனவெறி என்பதில்லை. நிறம், இனம், பண்பாடு காரணமாக ஒரு பிரிவு மக்களுக்கு உரிய சேவையை ஒரு நிறுவனம் தரத் தவறினால், அந்தத் தவறு அறியாமையால் வந்தாலும், அக்கறையின்மையால் வந்தாலும், ‘இவர்கள் இப்படித்தான்’ என்ற முன்முடிவால் வந்தாலும், அது நிறுவனத்தின் இனவெறியே. மேக்ஃபெர்சன் சொன்னதன் சாரம் இதுதான்.

அந்த அறிக்கை வந்து ஓராண்டு முடிந்த கையோடு ஜாஹித் கொல்லப்பட்டார். சிறைத்துறையே நியமித்த உள்விசாரணை இரண்டு பகுதிகளாக நடந்தது. ஒன்று கொலையைப் பற்றி, மற்றொன்று ஃபெல்தமில் இருந்த இன உறவுகளைப் பற்றி. இரண்டாவது பகுதி, தனிப்பட்ட ஊழியர்களின் வெளிப்படையான இனவெறியும் நிறுவன அளவிலான இனவெறியும் அங்கே இருந்தன என்று ஒளிக்காமல் சொன்னது. சிறைத்துறைத் தலைமை இயக்குநர் மார்ட்டின் நேரி 2001 ஜனவரியில் தன் துறை நிறுவன ரீதியாக இனவெறி கொண்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஜாஹித்தின் பெற்றோருக்கும், பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தவறிவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்.

இனவெறிக்கும் அறை ஒதுக்கீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெறுப்புக் கடிதம் எழுதும் ஒருவனை ஆபத்தானவன் என்று பார்க்காமல், கெட்ட வார்த்தை எழுதுபவன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டதில்தான் தொடர்பு இருக்கிறது. இன உறவு என்பது ஓர் அதிகாரியின் தனி வேலை, பாதுகாப்பு வேறு ஒருவரின் வேலை என்று ஃபெல்தம் பிரித்து வைத்திருந்தது. ஆசிய இளைஞன் ஒருவனை இவனோடு இரவு முழுக்கப் பூட்டி வைக்கலாமா என்ற கேள்வி யாருக்கும் தோன்றவே இல்லை.

தன்னைத் தானே விசாரிக்கும் துறை

மன்னிப்பும் கேட்டாயிற்று, குற்றவாளிக்கும் தண்டனை கிடைத்தாயிற்று, இனி என்ன வேண்டும் என்பதுதான் அரசின் நிலைப்பாடு. பொது விசாரணை வேண்டும் என்ற குடும்பத்தின் கோரிக்கையை உள்துறை அமைச்சகம் மறுத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் விசாரணைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருந்தது. கொலை வழக்கு, கொன்றவனைப் பற்றியது. சிறை நிர்வாகம் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. சிறைத்துறைமீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று காவல்துறைக்கு அரசு வழக்கறிஞர்கள் ஆலோசனை சொல்லிவிட்டார்கள். உள்விசாரணையை நடத்தியது சிறைத்துறையே. கதவுகள் மூடியபடி நடந்தது. மரண விசாரணை கொலை வழக்குக்காகத் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு தொடரப்படவே இல்லை. இன சமத்துவ ஆணையம் 2000 நவம்பரில் தனியாக ஒரு விசாரணையைத் தொடங்கியது உண்மை. சட்டம் தந்த அதிகாரத்தோடு, துணிச்சலாகவே நடத்தியது. ஆனால் அதுவும் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கவில்லை. சாட்சிகளைக் கேள்வி கேட்கக் குடும்பத்துக்கு அங்கேயும் இடமில்லை.

ஜாஹித்தின் உறவினர் இம்தியாஸ் அமீன் உயர்நீதிமன்றம் போனார். அடிப்படை எளிமையானது. ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 2-ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைக் காக்கிறது. அரசின் காவலில் உள்ள ஒருவர் உயிரிழந்தால், அது ஏன் நடந்தது என்று முறையாக விசாரிப்பதும் அந்த உரிமையில் அடக்கம். 2001 அக்டோபரில் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2002 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அதே மார்ச் மாதம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலிருந்து வேறொரு தீர்ப்பு வந்திருந்தது. அதுவும் அறைத் தோழன் கொன்ற கதைதான். 1994 நவம்பரில், மனநலம் பாதித்த கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸ் என்ற இளைஞரை, இன்னொரு மனநோயாளியோடு செம்ஸ்ஃபோர்டு சிறையில் ஒரே அறையில் அடைத்தார்கள். இரவில் அவர் மிதித்தும் உதைத்தும் கொல்லப்பட்டார். உடன் இருந்தவர் ஆபத்தானவர் என்ற தகவல் காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றுக்கும் நடுவே எங்கோ தொலைந்திருந்தது. அறையின் அழைப்பு மணியும் பழுது. அந்த மரணத்தை விசாரித்த குழுவுக்குச் சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் இல்லை, விசாரணை மூடிய அறையில் நடந்தது, பெற்றோர் தாங்கள் சாட்சி சொன்ன நேரம் தவிர உட்கார முடியவில்லை. இது போதாது, பிரிட்டன் உயிர் வாழும் உரிமையை மீறிவிட்டது என்றது ஸ்ட்ராஸ்பூர்க்.

மகனை இழந்த எட்வர்ட்ஸ் தம்பதியின் அந்த வெற்றி ஜாஹித்தின் குடும்பத்துக்குக் கைகொடுத்தது. வழக்கு பிரபுக்கள் அவைக்குப் போனது. பிரிட்டனில் அப்போது அதுதான் உச்ச நீதிமன்றம். 2003 அக்டோபரில் பிங்கம் பிரபு முன்னணித் தீர்ப்பை எழுதினார். காவல் மரண விசாரணையின் நோக்கங்களை அதில் வரிசையாக அடுக்கினார். உண்மைகள் முழுமையாக வெளிவர வேண்டும். தவறு செய்தவர்களின் நடத்தை அம்பலமாக வேண்டும். வேண்டுமென்றே செய்தார்கள் என்ற சந்தேகத்துக்கு அடிப்படை இல்லையென்றால் அது தீர வேண்டும். ஆபத்தான நடைமுறைகள் திருந்த வேண்டும். உறவை இழந்தவர்களுக்கு, இந்தச் சாவிலிருந்து கற்ற பாடம் இன்னொருவர் உயிரைக் காக்கும் என்ற ஆறுதலாவது மிஞ்ச வேண்டும். சுதந்திரமான ஒருவர், திறந்த மேடையில், குடும்பமும் பங்கேற்கும்படி விசாரிப்பதுதான் குறைந்தபட்சத் தகுதி என்று தீர்ப்பு நிலைநிறுத்தியது.

186-உம் 88-உம் அல்ல, ஒரு கேள்வி

2004-இல் நீதிபதி பிரையன் கீத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஜாஹித்தைக் காவலில் வைத்திருந்த அதிகாரிகள் முதன்முறையாகப் பொதுவெளியில், குடும்பத்தின் வழக்கறிஞர் முன்னால் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2006 ஜூன் 29 அன்று இரண்டு தொகுதிகளாக அறிக்கை வெளியானது. அதில் 186 தவறுகள் அடையாளம் காணப்பட்டன. 88 பரிந்துரைகள் இருந்தன. எண்ணிக்கையை விட, குடும்பம் முதல் நாள் கேட்ட கேள்விக்கு அறிக்கை சொன்ன விடைதான் முக்கியம். இந்த மரணத்தைத் தடுத்திருக்க முடியும்.

ஆணையத்தின் முன் வந்த மிகக் கொடூரமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. ஒத்துப்போகாத கைதிகளைக் காவலர்கள் வேண்டுமென்றே ஒரே அறையில் அடைத்து, அடித்துக்கொள்வார்களா என்று பந்தயம் கட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்று சிறைக்காவலர் சங்க நிர்வாகி ஒருவர் மூலம் கிளம்பிய தகவல் அது. பழைய ரோமாபுரியின் மல்லர் சண்டையை நினைவூட்டியதால் ‘கிளாடியேட்டர்’ என்ற பெயரும் அதற்கு வந்தது. எழுத்தாளர் தனிகா குப்தா 2005-இல் ஜாஹித்தின் கதையை மேடை நாடகமாக்கியபோது ‘கிளாடியேட்டர் கேம்ஸ்’ என்றே பெயர் வைத்தார். கீத் அதைத் தட்டிக்கழிக்கவில்லை, நேரமெடுத்து ஆராய்ந்தார். ஜாஹித்தும் ஸ்டூவர்ட்டும் ஒரே அறையில் இருந்ததற்கு அப்படிப்பட்ட விளையாட்டு காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

சந்தேகம் தீர வேண்டும் என்று பிங்கம் பிரபு சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. இதே முடிவைச் சிறைத்துறை தன் உள்விசாரணையில் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? திறந்த விசாரணை தவறு செய்தவர்களை மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை. செய்யாத தவறிலிருந்து ஊழியர்களை விடுவிப்பதும் அதுதான்.

சதி இல்லை என்பதால் ஃபெல்தம் தப்பிவிடவில்லை. யாரும் திட்டமிடாமலே, ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சிறிது கவனம் தவறியதாலேயே ஓர் இளைஞனின் உயிர் போயிருக்கிறது. அறிக்கை, பொறுப்பில் இருந்த அதிகாரிகள் பலரைப் பெயர் சொல்லியே விமர்சித்தது. இனத்தைப் போலவே மதத்தின் அடிப்படையிலான பாகுபாட்டையும் நிறுவனத்தின் குறையாகப் பார்க்க வேண்டும் என்ற யோசனையையும் கீத் முன்வைத்தார். முஸ்லிம் கைதிகளைப் பொறுத்தவரை நிறமும் மதமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

எல்லாப் பரிந்துரைகளுக்கும் தலையாயது, விருப்பமில்லாமல் இன்னொருவரோடு அறையைப் பகிரும் நிலையை ஒழிப்பது சிறைத்துறையின் குறிக்கோளாக நீடிக்க வேண்டும் என்பது. ஆளுக்கு ஓர் அறை இருந்திருந்தால் ஸ்டூவர்ட்டின் மனதில் என்ன இருந்தாலும் ஜாஹித் அன்று காலை வீட்டுக்குப் போயிருப்பார்.

மாறியது எது, மாறாதது எது?

மாற்றமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. இருவரை ஓர் அறையில் போடுவதற்கு முன்னால் ஆபத்தை மதிப்பிடும் படிவம் 2002-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு வன்முறையில் ஈடுபட்டாரா, இனவெறி, மதவெறி, தன்பாலின வெறுப்பு சார்ந்த நடத்தை உண்டா, மனநலம் எப்படி என்று பார்த்து, ஆபத்தின் அளவைக் குறிக்க வேண்டும். ஆபத்து அதிகம் என்றால் தனி அறை. 2004 ஏப்ரலிலிருந்து சிறை மரணங்களை விசாரிக்கும் பொறுப்பு சிறைத்துறையிடமிருந்து சிறை, நன்னடத்தைத் துறை குறைதீர்ப்பாளருக்குப் போனது. நிறுவனங்களின் அலட்சியத்தால் நேரும் மரணங்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், 2011 செப்டம்பரிலிருந்து காவல் மரணங்களுக்கும் பொருந்துகிறது. 2000-இல் சிறைத்துறைமேல் பாயாத சட்டம் இன்று ஒரு வடிவில் இருக்கிறது. குடும்பம் 2009-இல் ஜாஹித் முபாரக் அறக்கட்டளையை நிறுவியது. சிறைகளில் பாகுபாட்டுப் புகார்கள் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதை அது கண்காணித்துவருகிறது.

மாறாததைக் காட்டுவதும் அந்தக் கண்காணிப்புதான். தன்னிடம் யாராவது பாகுபாடு காட்டியதாகக் கருதும் கைதி ஒரு படிவத்தை நிரப்பிப் புகார்ப் பெட்டியில் போடலாம். ஊழியரும் கைதிமேல் அதே படிவத்தில் புகார் தரலாம். இந்த அறக்கட்டளையும் சிறைச் சீர்திருத்த அறக்கட்டளையும் சேர்ந்து எட்டுச் சிறைகளில் இப்படி வந்த 600-க்கு மேற்பட்ட படிவங்களை ஆராய்ந்து 2017-இல் அறிக்கை வெளியிட்டன. ஊழியர்கள்மேல் கைதிகள் தந்த புகார்களில் உண்மை என்று ஏற்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்று. கைதிகள்மேல் ஊழியர்கள் தந்த புகார்களில் ஏற்கப்பட்டவை நூற்றுக்கு 76. படிவம் ஒன்று, பெட்டியும் ஒன்று. தீர்ப்பு மட்டும் யார் எழுதினார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

அதே 2017-இல் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி அரசுக்காகத் தயாரித்த அறிக்கை, இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் 14 சதவீதமாக உள்ள கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மையினர் சிறைவாசிகளில் 25 சதவீதமாக இருப்பதைக் காட்டியது. காவலில் உள்ள இளையோரில் அவர்களின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். புகாரை நம்பாத ஒரு நிறுவனத்துக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் தென்கிழக்கு லண்டனின் பெல்மார்ஷ் சிறையில் தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்த கைதி ஒருவர் அறைத் தோழனால் தாக்கப்பட்டு இறந்தார். தாக்கியவன் இனவெறிப் பின்னணி கொண்டவன். அறைப் பகிர்வுப் படிவம் நடைமுறைக்கு வந்து அப்போது 18 ஆண்டு ஆகியிருந்தது. ஆயுதம் இந்த முறையும் மேசைக்கால்.

படிவத்தை நிரப்புவது ஒன்று, படித்துப் பார்த்து அதன்படி அறை ஒதுக்குவது வேறு. சிறை நிரம்பி வழியும்போது, மாலையில் வந்து நிற்கும் கைதிக்கு இரவுக்குள் ஒரு படுக்கை கண்டுபிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், ‘ஆபத்து அதிகம்’ என்று குறிக்கும் கை தயங்குகிறது. தனி அறை இல்லை என்று தெரிந்த பிறகு அப்படிக் குறிப்பதில் என்ன பயன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கீத் தன் முதல் பரிந்துரையாக அறைப் பகிர்வை எடுத்துக்கொண்டதன் நியாயம் இதுதான். இடநெருக்கடி தீராதவரை மற்ற 87 பரிந்துரைகளும் காகிதத்தில் வலுவாகவும் நடைமுறையில் தளர்வாகவுமே இருக்கும்.

அந்த முதல் பரிந்துரை இன்றுவரை நிறைவேறவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஆயிரக்கணக்கானோர் ஒருவருக்காகக் கட்டப்பட்ட அறையில் இருவராகவே இரவைக் கழிக்கிறார்கள்.